அம்மாவின் கைகளைக் கட்டியவள்

அம்மாவின் கைகளைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையின் மேல் பழியைப் போட்டு எழுதுவது எனக்கு எளிது. ஆனால் அன்று இரவு சிஸ்டர் காஸ் துணியை என் கையில் கொடுத்து, "நீங்களே கட்டுங்கம்மா, நீங்க கட்டினா சண்டை போட மாட்டாங்க" என்றார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. வளையல் போட்டுவிடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அம்மா இரண்டு கைகளையும் நீட்டிக் கொடுத்தார்.

2022 டிசம்பர். திருவண்ணாமலை மாவட்டத்தில் மலையடிவாரத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. அம்மாவுக்கு 63 வயது. ஏழு நாளாகக் காய்ச்சல். ஊரில் ஊசி போட்டுக்கொண்டு மாட்டுக்குப் புல் அறுக்கவும் போய்க்கொண்டிருந்தார். ஏழாம் நாள் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து, "மல்லாட்டை ஆயறதுக்கு ஆளுங்க வந்துட்டாங்க, சோறு ஆக்கலையா?" என்று கேட்டார். அறுவடை முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. என்னைப் பார்த்து, செத்துப்போன என் சின்னம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்போதுதான் பயந்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

"ஜன்னி கண்டுடுச்சு" என்றாள் என் அத்தை. மருத்துவர் டெலிரியம் என்றார். கடும் தொற்று உடலைத் தாக்கும்போது மூளையின் வேலை திடீரெனக் குழம்பிப்போவதற்குத்தான் அந்தப் பெயர். இது மனநோய் அல்ல, முதுமை மறதியும் அல்ல. சில மணி நேரத்திலோ சில நாளிலோ வரும், ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும், பெரும்பாலும் இரவில் கூடும். கவனம் ஓரிடத்தில் நிற்காது. டைஃபாய்டு, நிமோனியா, மூளைக்காய்ச்சல், கொரோனா என்று எந்தத் தொற்று கடுமையானாலும் வரலாம். கட்டிலில் படுத்தபடி அம்மா விரல்களால் போர்வையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். பழைய மருத்துவ நூல்களிலேயே எழுதப்பட்ட அறிகுறி அது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது மல்லாட்டை ஆய்வதாகத்தான் தெரிந்தது. புத்தி கலங்கிய நிலையிலும் அவர் வேலைதான் செய்துகொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் இரவு டிரிப் ஊசியை இரண்டு முறை பிடுங்கி எறிந்தார். படுக்கையெல்லாம் ரத்தம். "வேணாம், என்னை உடுங்க, கொல்லப் பாக்கறீங்க" என்று கத்தினார். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, திரவம் உள்ளே போயே ஆக வேண்டும். வார்டில் அத்தனை பேருக்கும் அந்த இரவு ஒரே சிஸ்டர். அதனால் கட்டினேன்.

நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பெண் 'வேண்டாம்' என்று சொன்னால் அது வேண்டாம்தான், அதற்கு வேறு உரை எழுதக் கூடாது என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லிவந்த நான், என் அம்மா வாய்விட்டுச் சொன்ன வேண்டாமைக் காஸ் துணியால் கட்டிப்போட்டேன். நான் அறிந்தவரை அவர் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாகச் சொன்ன முதல் வேண்டாம் அது.

ஒரு வேண்டாம் எப்போது செல்லும், எப்போது செல்லாது? அதை யார் முடிவு செய்வது? அம்மா வீடு திரும்பிய பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இதற்கு இரண்டு சுலபமான பதில்கள் உண்டு. ஒன்று, புத்தி சரியில்லாதவர் சொல்வது செல்லாது என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் புத்தி தெளிவாக இருந்த பெண்களைப் பற்றியும் இதே வாக்கியத்தைத்தானே சொல்லிவந்திருக்கிறார்கள்? எங்கள் வீட்டில் நிலத்தை அடமானம் வைத்தபோது அம்மா தடுத்தார். "பொம்பள உளர்றா" என்றார்கள். காய்ச்சல் இல்லாத நாளில், கணக்கு வழக்கெல்லாம் தெரிந்து சொன்ன வார்த்தைக்கு அந்தப் பெயர். பல பெண்களுக்குத் தங்கள் சொல் உளறல் ஆவதற்கு எந்தக் கிருமியும் தேவைப்பட்டதில்லை.

இன்னொரு பதில், என்ன ஆனாலும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்பது. இதைக் கடைப்பிடித்திருந்தால் ஊசியைப் பிடுங்க விட்டிருக்க வேண்டும். நினைவு தெளிந்தால் பிழைக்கவே விரும்பியிருப்பார் என்று எனக்குத் தெரிந்த ஒருவரை, அவரைப் பீடித்த காய்ச்சலின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் சாக விடுவதாக அது முடிந்திருக்கும். அதை மரியாதை என்று சொல்ல மாட்டேன். கைவிடுவதுதான் அது.

இரண்டுக்கும் நடுவே ஏதாவது இருக்கிறதா என்று தேடும்போது, மூன்றாம் நாள் காலைதான் நினைவுக்கு வருகிறது.

விடியற்காலை ஆறு மணி இருக்கும். அம்மா என்னைச் சரியான பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "அவுத்து உடுடி, மூத்திரம் முட்டுது" என்றார். அவருக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தது. "டியூப் இருக்கும்மா, அப்படியே போ" என்றேன். மறுபடி சொன்னார், மறுபடி அதையே நானும் சொன்னேன். பக்கத்து அம்மா, "ராத்திரியெல்லாம் தூங்கலியே நீ, போய் டீ குடிச்சிட்டு வா" என்றார். போனேன். கல்லூரிக்கு போன் செய்து விடுப்பு சொன்னேன். பத்து மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த பயிற்சி மருத்துவர் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார், குழாய் தொடைக்கு அடியில் மடிந்து அடைத்துக் கிடக்கிறது, மூத்திரப்பை நிரம்பி நிற்கிறது என்று. நான்கு மணி நேரமாக அம்மா உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். மூத்திரம் இப்படிக் கட்டிக்கொள்வதே குழப்பத்தை இன்னும் அதிகமாக்கும் என்றும் அவர் சொன்னார்.

அந்த மருத்துவர் ஒரு பெண். வயிற்றைப் பார்க்கத் திரையை இழுத்துவிட்டுப் புடவையை விலக்கியவர், இடது மார்புக்குக் கீழே மடிப்பில் கறுப்பாகப் பொருக்குத் தட்டிய ஒரு புண்ணைக் கண்டார். சிகரெட்டால் சுட்டது போன்ற சிறு வட்டம், வலி கிடையாது. அது ஸ்க்ரப் டைபஸ், நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்பது. புதரிலும் புல்லிலும் இருக்கும் மிகச் சிறிய உண்ணிகளின் இளம்பருவம் கடிப்பதால் வருகிறது. கடித்த இடத்தில் வரும் அந்தக் கறுப்புப் பொருக்குதான் நோயைக் காட்டிக்கொடுக்கும் முக்கிய அடையாளம். ஆனால் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடி, இடுப்பு மடிப்பு என்று உடம்பின் மறைவிடங்களில்தான் அது பெரும்பாலும் இருக்கும். அதுவரை பார்த்தவர்கள் எல்லாரும் புடவைக்கு மேலாகவே பார்த்தார்கள். அம்மாவும் காட்டவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. பெண்ணின் உடம்பு மூடிக் கிடக்க வேண்டும் என்ற எண்ணம் வார்டு வரைக்கும் எங்களோடு வந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையும் பிறகு உறுதி செய்தது. அன்று மதியமே டாக்ஸிசைக்ளின் தொடங்கினார்கள். அதிக விலையுள்ள மருந்தும் அல்ல. இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது.

இப்போது யோசித்தால், என் தவறு இரவில் கட்டியது அல்ல என்று தோன்றுகிறது. காலையில் அவிழ்க்காமல் இருந்ததுதான். இரவில் கட்டியதற்குக் காரணம் இருந்தது. காலையில் அந்தக் காரணம் போய்விட்டது, கட்டு மட்டும் இருந்தது. அம்மா தெளிவாகப் பேசியபோதும், 'இவர் உளறுகிறவர்' என்று நான் முந்தைய இரவே முடிவு செய்துவிட்டிருந்தேன். தத்துவவாதி மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு பெயர் கொடுத்திருக்கிறார். சொல்பவர் யார் என்பதைப் பார்த்து அவர் சொல்லின் மதிப்பைக் குறைத்துவிடுவது ஓர் அநீதி, ஒருவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லும் தகுதியையே அது பறிக்கிறது என்கிறார் அவர். ஆண் பெண்ணுக்குச் செய்வது, மேல்சாதி கீழ்ச்சாதிக்குச் செய்வது என்று அதை நான் படித்திருந்தேன். மகளும் தாய்க்கு அதைச் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

ஜன்னியில் இருப்பவர் சொல்வதெல்லாம் ஒரே வகை அல்ல. "கொல்லப் பாக்கறீங்க" என்பது தவறான நம்பிக்கை, ஆனால் அதற்குள் இருக்கும் பயம் உண்மை. "ஆளுங்க வந்துட்டாங்க" என்பது இல்லாத காட்சி. "மூத்திரம் முட்டுது", "வலிக்குது", "தாகம்" என்பவை உடம்பின் சாட்சி. ஒரு வாக்கியத்தை நம்பாமல் இருக்க நமக்கு உரிமை உண்டு. அதைச் சொல்பவரைக் கேட்காமல் இருக்க உரிமை இல்லை. புத்தித் தெளிவு ஏறி இறங்கும் என்றால், ஒருமுறை கேட்டுவிட்டு முடித்துக்கொள்ளவும் முடியாது. இப்போது தெளிவா, இப்போது அவிழ்க்கலாமா என்று மணிக்கு மணி கேட்க வேண்டும். ஒருவரின் வேண்டாமை மீறியவருக்கு, அதைத் திரும்பத் திரும்பக் கேட்கும் கடமை சேர்ந்துகொள்கிறது. நான் செய்யத் தவறியது அதைத்தான்.

கட்டிப்போடுவதன் முடிவு என்ன என்று தமிழ்நாட்டுக்குத் தெரியாமல் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பிறகு வந்த 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் கட்டலாம், தண்டனையாகக் கட்டக் கூடாது, ஆள் பற்றாக்குறை என்பதை மட்டும் காரணமாகச் சொல்லிக் கட்டக் கூடாது என்கிறது. மனநல நிலையங்களுக்காக எழுதப்பட்ட விதி அது. ஆனால் அந்தக் கடைசி வரி என்னைச் சுட்டது. நான் கட்டியதற்கு ஆள் பற்றாக்குறையும் ஒரு காரணம்தான்.

அம்மாவின் இந்தக் கதைக்கு அடுத்த கட்டிலிலும் ஒரு பகுதி இருக்கிறது.

அங்கே இருந்தவர் எழுபதைத் தாண்டிய பாட்டி, நிமோனியா. கத்தவில்லை, எதையும் பிடுங்கவில்லை. கண்ணை மூடியபடியே இருப்பார். கூப்பிட்டால் மெதுவாகத் திறந்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொள்வார். வார்டில் எல்லாரும் அவரைத்தான் மெச்சினார்கள். "எவ்வளவு அமைதியா இருக்காங்க பாரு, ஒரு தொந்தரவு இல்லை" என்று எங்கள் அத்தை என் அம்மாவைக் காட்டிப் பேசினாள். இரண்டு நாள் கழித்து ஒரு மருத்துவர் பாட்டியிடம் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். பாட்டியால் ஒன்றுகூடச் சொல்ல முடியவில்லை. அவருக்கும் டெலிரியம்தான். அடங்கிப்போகும் வகை. கத்தும் வகையைவிட இதுதான் அதிகம் தவறவிடப்படுகிறது, வயதானவர்களிடம் குறிப்பாக. யாருக்கும் தொல்லை இல்லாததால் யாரும் தேடுவதில்லை.

நல்ல பெண் என்றால் யார் என்று நாம் கற்றுவைத்திருக்கிறோமோ, அதுவே இங்கே நோயின் அறிகுறியாக இருந்தது. பேசாமல், கேட்காமல், சொன்னபடி கிடப்பவரை நோயாளி என்று எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான் இருப்பார் என்று அவருடைய மருமகளே சொன்னாள். நேற்றுவரை பேசிய ஒருவர் இன்று பேசவில்லை என்றால் அதைக் கண்டுபிடிக்க, நேற்று அவர் பேசியதை யாராவது காதில் வாங்கியிருக்க வேண்டும்.

ஜன்னி என்ற சொல்லே பெண்களின் சாவோடு ஒட்டிய சொல்தான். எங்கள் பாட்டிமார் தலைமுறையில் 'பிரசவ ஜன்னி' கேள்விப்படாத வீடு குறைவு. பிள்ளை பெற்ற சில நாளில் காய்ச்சல், பிதற்றல், பிறகு சாவு. பேய் பிடித்தது என்பார்கள், வேறு பலவும் சொல்வார்கள். அப்படி இறந்த பலருக்கு வந்தது பிரசவத்தின்போது நுழைந்த கிருமித்தொற்று. வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் 1847இல் மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தபோது சாவு பெருமளவு குறைந்தது. அதற்கு முன்னால் சொல்லப்பட்ட காரணங்களில் பெண்களின் பயமும் உண்டு, ஆண்கள் பரிசோதிப்பதால் அவர்களுக்கு ஏற்பட்ட கூச்சமும் உண்டு. கிருமி மருத்துவர்களின் கையில் இருந்தது. பழி பெண்ணின் மனதுக்குப் போனது.

சரி, கட்டாமல் இருக்க முடியுமா? பல நேரங்களில் முடியும் என்பதுதான் மருத்துவ அனுபவம். முதல் வேலை, அடியில் இருக்கும் தொற்றைக் கண்டுபிடித்துச் சரியான மருந்து கொடுப்பது. பிறகு செய்வதெல்லாம் வீட்டு வேலை போல இருக்கும். தண்ணீர் கொடுப்பது, வலியைக் கேட்பது, மலச்சிக்கல் பார்ப்பது, தேவையில்லாத குழாய்களை எடுப்பது, பகலில் வெளிச்சமும் இரவில் தூக்கமும் கிடைக்கச் செய்வது, எழுந்து நடக்க வைப்பது, நீ இங்கே இருக்கிறாய், இன்று இந்தக் கிழமை என்று பதற்றமில்லாமல் சொல்வது, கண்ணாடியையும் காது கருவியையும் திரும்பக் கொடுப்பது. அமெரிக்க மருத்துவர் ஷேரன் இனோய் குழுவினர் 70 வயதைக் கடந்த 852 நோயாளிகளிடம் இப்படிப்பட்ட பராமரிப்பைச் சோதித்து 1999இல் வெளியிட்டார்கள். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த டெலிரியம், இந்தக் கவனிப்பில் 9.9 சதவீதமாக இருந்தது.

கண்ணாடி என்றதும் எனக்கு ஒன்று சொல்ல இருக்கிறது. சேர்த்த அன்று அம்மாவின் தாலி, தோடு, வளையல், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்று அரை மணி நேரத்தில் ஒரு மஞ்சள் கயிறு வந்துவிட்டது. கண்ணாடி மூன்று நாள் பீரோவில் கிடந்தது. அதில்லாமல் அம்மாவுக்கு மனிதர்கள் நிழலாகத்தான் தெரிவார்கள். நிழல்கள் வந்து ஊசி குத்தினால் கொல்ல வருகிறார்கள் என்று யாருக்கும் தோன்றும். கண்ணாடியை மாட்டிய அன்று அம்மா சிஸ்டரைப் பார்த்து, "பாப்பா நீ எந்த ஊரு?" என்று கேட்டார்.

ஆனால் இங்கே இன்னொரு கணக்கும் இருக்கிறது. கட்டாமல் இருக்க வேண்டுமென்றால் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். யார் அந்த ஒருவர்? பெண்கள் வார்டு என்பதால் அண்ணன் வரமாட்டான். அண்ணிக்குக் கைக்குழந்தை. ஒன்பது நாள் நான் இருந்தேன், ஒன்பது நாள் சம்பளம் போனது. வார்டு முழுக்கக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் எல்லாரும் என்னைப் போன்றவர்கள்தான். மகள், மருமகள், தங்கை. ஆண்கள் வார்டிலும் பெண்டாட்டியும் அம்மாவும்தான் அதிகம். அன்பான பராமரிப்புதான் சிறந்த மருத்துவம் என்று சொல்லும்போது, அந்த அன்புக்கு யார் ஊதியம் கொடுப்பது என்று கேட்காமல் விட்டால், கட்டு நோயாளியின் கையிலிருந்து மகளின் காலுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். தத்துவவாதி ஈவா ஃபெடர் கிட்டே 1999இல் வந்த நூலில் எழுதியது இதையொட்டித்தான். நாம் எல்லாரும் வாழ்வில் ஏதாவது ஒரு கட்டத்தில் பிறரைச் சார்ந்தே இருக்கிறோம், சார்ந்திருப்பவரைப் பார்த்துக்கொள்பவரையும் சமூகம் தாங்க வேண்டும், அது நீதியின் ஒரு பகுதி என்கிறார்.

உட்காரக்கூட விடாத காலமும் வந்தது. கொரோனாவில் தீவிரப் பிரிவுகளில் உறவினரை அனுமதிக்கவில்லை. தொற்று பரவும் என்ற காரணம் பொய்யல்ல. ஆனால் 14 நாடுகளில் 2,088 நோயாளிகளைப் பார்த்து 2021 தொடக்கத்தில் வெளியான ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோருக்கு டெலிரியம் இருந்தது. தூக்க மருந்தான பென்சோடயசெபைனைத் தொடர்ந்து செலுத்தியவர்களுக்கு அபாயம் கூடுதலாகவும், நேரிலோ காணொளியிலோ குடும்பத்தைப் பார்த்தவர்களுக்குக் குறைவாகவும் இருந்தது. ஒரு தெரிந்த குரல் என்பது ஆறுதலுக்கு மட்டும் அல்ல என்று அப்போது புரிந்தது. செவிலியர் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், கூட இருப்பவருக்கு உட்கார நாற்காலியும் ஊதியத்துடன் விடுப்பும் கொடுங்கள், ஆண்களும் முறைவைத்து வரட்டும் என்று கேட்பதும் மருத்துவம் பற்றிய பேச்சுதான்.

கடைசியாக ஒன்று. அந்த இரவுகளில் அம்மா பலவற்றைப் பேசினார். அவற்றில் சில, அவருடைய திருமணத்துக்கு முந்தைய காலத்தைப் பற்றியவை. அவை என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை. அத்தை காதில் விழுந்து, வீட்டில் சிரிப்பாகப் பேசப்பட்டது. ஜன்னியில்தான் உண்மை வெளியே வரும் என்று ஒரு கூட்டம், எல்லாம் உளறல் என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேருமே அதைத் தங்கள் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். அது வாக்குமூலமா, கனவா என்று யாருக்கும் தெரியாது. எதுவாக இருந்தாலும் அவருடையது. நோயாளியின் உடம்பைத் திரை போட்டுப் பார்ப்பது போல, அவர் நினைவில்லாமல் சொன்னதற்கும் ஒரு திரை வேண்டும்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து, அம்மா மணிக்கட்டைத் தடவியபடி கேட்டார். "என் கையைக் கட்டினது யாரு? யாரோ மாடு மாதிரி கட்டினாங்க."

"நான்தாம்மா" என்றேன். ராத்திரி ஏன் கட்டினேன் என்று சொன்னேன். காலையில் மூத்திரம் என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை, அது என் தப்பு என்றும் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ராத்திரி கட்டினது சரி. காலையில அவுத்திருக்கலாம்" என்றார். நான் பல மாதம் யோசித்துக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருப்பதை அவர் அப்போதே சொல்லிவிட்டார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னென்னமோ பேசினேனாமே?" என்றார்.

"மல்லாட்டை, மாடு எல்லாம் பேசினே. வேற சிலதும் பேசினே. உனக்குத் தெரியணும்னா சொல்றேன்" என்றேன்.

"வேணாம்" என்றார்.

சரி என்றேன். அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிப் பேசவில்லை.